வெள்ளாற்றிலிருந்து கொள்ளிடம் வரை: சேற்றைப் பார்க்க ஒரு பயணம்

புதன், சேத்தியாத்தோப்பு

பார்க்க வந்தது வெள்ளாற்றின் கழிமுகத்தை. ஆனாலும் கடற்கரைக்குப் போகுமுன் சேத்தியாத்தோப்பிலேயே இறங்கிவிட்டேன். முகத்துவாரத்தில் சேறாகக் கிடக்கும் மண்ணை, அது இன்னும் ஆற்று மண்ணாக இருக்கும்போதே கையில் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை.

சேலம் பக்கத்து மலைகளிலிருந்து இறங்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறு ஆகின்றன. கல்வராயன் மலையில் பிறக்கும் மணிமுக்தாறு வழியில் வந்து கலக்கிறது. வீராணம் ஏரியின் உபரி நீரும் இந்த ஆற்றுக்குத்தான் வருகிறது. மற்றபடி இது வடகிழக்குப் பருவமழையை நம்பிய ஆறு. ஐப்பசி கார்த்திகையில் கரை தொட்டு ஓடும், தை பிறந்ததும் இளைத்துவிடும். நான் வந்திருப்பது தை அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு. ஓட்டம் குறைந்து நடுவில் மணல் தெரிய ஆரம்பித்திருந்தது.

அணைக்கட்டுக்குக் கீழே இறங்கி ஒரு கைப்பிடி அள்ளினேன். பருமணல். நிறமில்லாத குவார்ட்ஸ், இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், வெயிலில் மினுங்கும் அப்பிரகச் செதில். எல்லாம் மேற்கே நைஸ், சார்னகைட் பாறைகள் உடைந்து வந்தவை. இதில் ஃபெல்ட்ஸ்பாரைக் கவனித்துக்கொள்ளுங்கள். மழையிலும் வெயிலிலும் மக்கிக் களிமண்ணாக மாறுவது அதுதான். நாளை மறுநாள் முழங்கால் வரை புதையப் போகும் சேற்றில் ஒரு பங்கு இதன் வழிவந்தது.

ஆறு மண்ணை இரண்டு விதமாகச் சுமக்கிறது. மணல் படுகையை ஒட்டி உருண்டும் துள்ளியும் நகரும். வண்டலும் அதைவிட நுண்ணிய களியும் நீரோடு மிதந்து போகும். அணைக்கட்டு மாதிரி எங்கே நீர் தேங்கினாலும் மணல் அங்கேயே அமர்ந்துவிடும், மிதப்பது மட்டும் தாண்டிப் போகும். அதனால் கடலை நோக்கிப் போகும் சுமையில் மென்மையானதே அதிகம். அதுவும் தினம் தினம் போவதில்லை. ஓர் ஆண்டின் மண்ணில் பெரும்பங்கு, வெள்ளம் ஓடும் சில நாட்களிலேயே போய்விடுகிறது.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, இந்த வருஷம் தண்ணி நல்லா வந்துச்சா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு தம்பி. ரெண்டு மூணு நாள் செம்மண் கரைசலாத்தான் போச்சு. அப்புறம் தெளிஞ்சுருச்சு."

ஒரு பாட்டிலில் ஆற்று நீரும் ஒரு பையில் கரையோரக் களியும் எடுத்துக்கொண்டு புவனகிரி வழியாகப் பரங்கிப்பேட்டைக்குப் பேருந்து ஏறினேன்.

வியாழன், பரங்கிப்பேட்டை

போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசையாக வந்து வியாபாரம் செய்த ஊர். 1781-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர் பரங்கிப்பேட்டைப் போர் என்றே பாடப்புத்தகங்களில் இருக்கிறது. என் கவனம் ஆற்றங்கரையில் இருந்ததால் வரலாற்றை இத்தோடு விடுகிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் வெள்ளாற்றங்கரையில்தான் இருக்கிறது. இந்தியாவில் இந்த அளவுக்குத் தொடர்ந்து ஆராயப்பட்ட கழிமுகங்கள் அதிகம் கிடையாது.

காலையில் ஒரு சின்ன வள்ளத்தில் போய், கயிற்றில் கட்டிய பாட்டிலால் நீர் எடுத்துப் பார்த்தேன். மேல்நீர் லேசாகக் கரித்தது. அடியிலிருந்து எடுத்தது நன்றாகவே கரித்தது. நன்னீர் எடை குறைவு, அதனால் மேலே வழுக்கிக்கொண்டு கடலுக்குப் போகும். உப்புநீர் கனமானது, அடியில் புகுந்து ஆற்றுக்குள் ஏறும். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை. வெள்ள காலத்தில் இந்த இரண்டும் தனித்தனி அடுக்காகவே இருக்கும். கோடையில் ஆற்று வரத்து நின்றதும் ஓதம், அதாவது கடலின் ஏற்ற இறக்கம், இரண்டையும் கலக்கிவிடும். அப்போது கடலின் உப்பு, லிட்டருக்குச் சுமார் 35 கிராம், ஆற்றுக்குள் பல கிலோமீட்டர் வரை ஏறிவிடும்.

இதனால் மண்ணுக்கு என்ன ஆகிறது? மேல்நீரில் மிதந்து வெளியே போகும் துகள், மெல்லத் தாழ்ந்து அடிநீருக்குள் விழுகிறது. அடிநீர் உள்நோக்கிப் போவதால் அதையும் திருப்பிக் கூட்டிவருகிறது. நன்னீரும் உப்புநீரும் சந்திக்கும் பகுதியில் இப்படித் துகள்கள் சுற்றிச் சுற்றிச் சேர்வதால், ஆற்றைவிடவும் கடலைவிடவும் அங்கே நீர் கலங்கலாக இருக்கும். உலகத்தில் பல கழிமுகங்களில் இப்படி ஒரு கலங்கல் பட்டை உண்டு. ஆற்று வரத்தும் ஓதமும் மாற மாற அதுவும் மேலும் கீழும் நகரும்.

ஆனால் அந்தத் துகள் தாழ்வதே பெரிய பாடு. நுண்மணல், அதாவது 0.1 மில்லிமீட்டர் துகள், அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்க ஏறக்குறைய 2 நிமிடம் போதும். 0.01 மில்லிமீட்டர் வண்டலுக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். 0.001 மில்லிமீட்டர் களிக்குப் பத்து நாளுக்கு மேல். விட்டம் பத்தில் ஒன்றானால் இறங்கும் வேகம் நூற்றில் ஒன்றாகிவிடும் என்பது ஸ்டோக்ஸ் விதி. ஓதம் ஏறி முடிந்து இறங்க ஆரம்பிக்கும்வரை நீர் சும்மா நிற்பது ஒரு மணி நேரம்கூட இருக்காது. அப்படியானால் களி எப்படித்தான் இங்கே அமர முடிகிறது?

விடை உப்பில் இருக்கிறது. நேற்றுக் கொண்டுவந்த களியை அறையில் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் கலக்கி வைத்தேன். ஒன்றில் ஆற்று நீர், ஒன்றில் கடல்நீர். கொஞ்ச நேரத்திலேயே கடல்நீர்க் குவளையில் சின்னச் சின்னத் திரள்கள் தெரிந்தன, ஒரு மணி நேரத்தில் மேல்பாதி தெளிந்துவிட்டது. ஆற்று நீர்க் குவளை இரவு நான் படுக்கப் போகும்வரை அதே கலங்கல்தான். களித் துகள்களின் பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் நன்னீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே மிதக்கும். உப்புநீரின் சோடியமும் மக்னீசியமும் அந்த விலக்கத்தை அடக்கிவிடும். மோதியவை ஒட்டிக்கொள்ளும், திரளும், கனத்து விழும். கலங்கிய குடிநீரைத் தெளிய வைக்கப் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்ப்பார்களே, அதே வேலையைத்தான் இங்கே கடல் செய்கிறது. இதற்குக் கடலின் முழு உப்பும் வேண்டியதில்லை, லிட்டருக்கு இரண்டு மூன்று கிராமே போதும். அதனால் களி திரள்வது கடலில் அல்ல, ஆற்றுக்குள் உப்பு முதன்முதலில் எட்டிப் பார்க்கும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. நுண்ணுயிர்கள் விடும் பசையும் திரள்களைக் கட்டிப்பிடித்து வைக்கிறது.

வெள்ளி, தை அமாவாசை, அன்னங்கோயில் முகத்துவாரம்

விடியற்காலையிலிருந்தே கரையில் கூட்டம். முன்னோருக்குத் திதி கொடுக்க வந்தவர்கள் எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டுக் கடலில் முழுகினார்கள். அவர்களோடு சேர்ந்து கால் நனைத்துவிட்டு முகத்துவாரத்துப் பக்கம் நடந்தேன்.

அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஓதம் பெரிதாக இருக்கும். அட்டமி நவமியை ஒட்டிச் சிறுத்துவிடும். வங்கக் கடலில் நாளுக்கு இரண்டு ஏத்தம் (நீர் ஏறுவது), இரண்டு வத்தம் (இறங்குவது). ஓர் ஏத்தத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிடம் இடைவெளி. இங்குள்ள மீனவர்களுக்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்தாலே எந்த நேரம் படகு எடுக்கலாம் என்று தெரிந்துவிடும்.

ஆனால் இந்தக் கரையில் ஓதம் எத்தனை பெரிதானாலும் ஒரு மீட்டரைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் இது 10 மீட்டரைத் தொடும். இந்த ஒரு வித்தியாசம் கழிமுகத்தின் உருவத்தையே மாற்றிவிடுகிறது. ஓதம் பெரிதாக இருக்கும் இடத்தில் முகத்துவாரம் புனல் வடிவில் அகலத் திறந்து கிடக்கும். இங்கே ஓதம் சின்னது, அலை ஓயாதது. அதனால் அலை கொண்டுவரும் மணல் வாயை அடைக்கப் பார்க்கிறது. அன்னங்கோயிலில் நின்று பார்த்தால் ஆற்று வாயின் குறுக்கே நீளும் மணல்நாக்கும், அதற்கு வெளியே அலை உடையும் இடத்தில் நீருக்கடியில் இருக்கும் மணல்மேடும் தெளிவாகத் தெரிகின்றன.

மணல் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது காற்றைப் பொறுத்தது. வடகிழக்குப் பருவத்தில் அலைகள் சாய்வாக வந்து மணலைத் தெற்கே தள்ளும். தென்மேற்குப் பருவத்தில் வடக்கே தள்ளும். கூட்டிக் கழித்தால் சோழமண்டலக் கரையில் வடக்கு நோக்கிய நகர்வுதான் மிஞ்சும். சந்தேகம் இருந்தால் சென்னையைப் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் துறைமுகச் சுவர் எழுந்த பிறகு அதன் தெற்கே மணல் தேங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது.

அப்படியானால் முகத்துவாரம் ஏன் முழுசாக மூடிவிடவில்லை? மழைக்காலத்தில் ஆற்று வெள்ளம் மணல்மேட்டை உடைத்துக்கொண்டு போகிறது. மற்ற மாதங்களில் ஓதம் மட்டும்தான் துணை. ஏத்தத்தில் உள்ளே போன நீர் முழுவதும் வத்தத்தில் அந்தக் குறுகிய வாய் வழியாகவே வெளியேற வேண்டும். உள்ளே எவ்வளவு பெரிய பரப்பில் நீர் பரவுகிறதோ, அவ்வளவு வேகம் வாயில் கிடைக்கும், அவ்வளவு மணல் அடித்துச் செல்லப்படும். ஆகவே உள்ளே இருக்கும் சதுப்பை மேடாக்கினாலோ கரை போட்டு அடைத்தாலோ, பாதிப்பு சதுப்போடு நிற்காது. வாயும் சேர்ந்து தூர்ந்து போகும். சதுப்புநிலத்தைச் சும்மா கிடக்கும் இடம் என்று கணக்கெழுதுகிறவர்கள் ஒரு அமாவாசை பிற்பகலில் இங்கே வந்து, நீர் வெளியே பாயும் வேகத்தைப் பார்க்க வேண்டும். மனதாரச் சொல்கிறேன்.

மதியத்துக்கு மேல் நீர் இறங்கியதும் மணல்நாக்கின் உள்பக்கம் போனேன். கடல் பக்கம் சுத்தமான மணல். முதுகைத் தாண்டி நூறு அடி நடப்பதற்குள் கால் வழுக்க ஆரம்பித்துவிட்டது. மணலோடு வண்டல், அப்புறம் வண்டலோடு களி, அப்புறம் வெறும் சேறு. அலையை மணல் தடுத்துவிடுவதால்தான் அதன் பின்னால் மென்மையான மண் தங்க முடிகிறது. அந்தத் தடுப்பைக் கட்டுவதும் அலைதான்.

சனி, பிச்சாவரம்

சிதம்பரத்திலிருந்து 15 கிலோமீட்டர் போல. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவே உப்பங்கழிகளும் சின்னச் சின்னத் தீவுகளும். சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாமில் துடுப்புப் படகு எடுத்தேன். படகுக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருப்பார். மரங்களைக் காட்ட ஆரம்பித்தவரிடம், "அண்ணே, எனக்கு மரத்தைவிட அடியில இருக்கிற சேறுதான் பார்க்கணும்" என்றேன். ஒரு நொடி பார்த்தார். "அப்ப வத்தத்துல வரணும் தம்பி, இப்ப தண்ணி நிறைய நிக்குது. சாயங்காலம் வாங்க, சேத்தைத் தவிர வேற எதுவும் தெரியாது" என்றார். சரி என்று காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று என்று பேசிக்கொண்டோம்.

காலையில் நான் பார்க்க விரும்பியது நீர் ஏறி நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைத்தான். கழிக்குள் ஓட்டம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. மிதந்துவந்த ஓர் இலை தயங்கியது, நின்றது, அப்புறம் வந்த வழியே திரும்பியது. இந்தத் தயக்கத்தில்தான் கழிமுகத்துச் சேற்றின் கதையே இருக்கிறது.

1950-களில் நெதர்லாந்தின் வாடன் கடலில் ஃபான் ஸ்ட்ராட்டன், கூனன், போஸ்ட்மா ஆகியோர் ஒரு புதிரைப் பிடித்துக்கொண்டார்கள். ஓதம் எவ்வளவு நீரை உள்ளே கொண்டுவருகிறதோ அவ்வளவையும் திருப்பி எடுத்துப் போகிறது. பிறகு ஏன் சேறு மட்டும் உள்ளே சேர்ந்துகொண்டே போகிறது? அவர்கள் தந்த விளக்கத்தில் இரண்டு தாமதங்கள் இருக்கின்றன. உள்ளே வரும் ஓட்டம் தளர்ந்து, இனி துகளைத் தாங்க முடியாது என்ற நிலை வந்தாலும் துகள் உடனே தரையைத் தொட்டுவிடாது. விழுந்துகொண்டே இன்னும் கொஞ்சம் உள்ளே மிதந்து போய்த்தான் அமரும். இது முதல் தாமதம். அமர்ந்ததைத் திரும்பக் கிளப்ப, அதை மிதக்கவைக்கத் தேவைப்பட்டதைவிட வேகமான ஓட்டம் வேண்டும். இறங்கும் ஓதம் அந்த வேகத்தை எட்டுவதற்குள் நீரில் ஒரு பகுதி ஏற்கெனவே வெளியே போயிருக்கும். ஆகவே துகள் தாமதமாகக் கிளம்பும், புறப்பட்ட இடம்வரை திரும்பிப் போகாது. இது இரண்டாவது. ஒவ்வோர் ஓதத்திலும் கொஞ்சம் உள்நோக்கிய லாபம். நாளுக்கு இரண்டு முறை, ஆண்டு முழுக்க.

களி கிளம்ப மறுப்பதற்குத் தனிக் காரணமும் உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த யூல்ஸ்ட்ரோம் 1935-ல் வரைந்த வளைகோடு இதைக் காட்டுகிறது. எளிதில் அரிக்கப்படுவது நுண்மணல். அதைவிடப் பருமனானது எடையால் நிற்கிறது. அதைவிட நுண்மையான களி, ஒட்டும் தன்மையால் நிற்கிறது. அமர்ந்து சில நாள் ஆகி நீர் பிழிந்து இறுகிய களியை அசைக்க, கூழாங்கல்லை நகர்த்தும் வேகம் வேண்டியிருக்கும்.

ஆழமில்லாத கழிகளில் ஓதமே சமச்சீராக இருப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆழம் அதிகமானால் ஓத அலை வேகமாகப் போகும். அதனால் ஏத்தத்தின் உச்சி வத்தத்தின் அடியைவிட வேகமாக உள்ளே வந்துவிடும். ஏறுவது குறுகிய நேரத்தில் விறுவிறுவென்று, இறங்குவது நீண்ட நேரம் மெதுவாக. ஓட்டத்தின் வேகம் கொஞ்சம் கூடினாலே மணல் நகர்வது பல மடங்கு கூடும். ஆகவே மணலும் உள்ளேதான் தள்ளப்படும். ஆனால் சுரபுன்னை, கண்டல் போன்ற அலையாத்தி மரக் காடு நிறைந்த கழியில் இது தலைகீழாகவும் ஆகலாம். ஏத்தத்தில் காட்டுத் தரை முழுவதும் நீர் பரவி வேர்களுக்கிடையில் நின்றுவிடும். இறங்கும்போது தாமதமாக, ஒரே வேகமாகக் கழிக்குள் கொட்டி அதன் அடியை அரித்துக்கொண்டு போகும். காட்டுத் தரை மேடாகிக்கொண்டே வந்தும் நடுக்கழி ஆழமாக இருப்பது இதனால்தான்.

சாயங்காலம் அண்ணன் சொன்னது சரியாக இருந்தது. காலையில் நீர் தளும்பிய இடமெல்லாம் சேறு. கழியோரத்தில் சுரபுன்னையின் வளைந்த தூண்வேர்கள், உள்ளே தள்ளி வெண்கண்டலைச் சுற்றித் தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்கள். இவை ஓட்டத்தை உடைப்பதால் வேரடியில் நீர் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது, களி அமர்ந்துவிடுகிறது. மேற்பரப்பில் பழுப்பும் பச்சையும் கலந்த மெல்லிய படலம் பளபளத்தது. அது டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் படலம். அவை விடும் பசை சேற்றின் மேல்தோலைப் பிடித்து வைத்து, அரிப்பைக் குறைக்கிறது. நண்டு வேறு மாதிரி. வளை தோண்டித் தோண்டி அடிச் சேற்றை உருண்டை உருண்டையாக வெளியே போடுகிறது, காற்றையும் நீரையும் உள்ளே விடுகிறது. ஆறும் ஓதமும் படிய வைத்த அடுக்குகளைக் கலைத்துவிடுவதும் அதுதான்.

ஒரு குச்சியை ஒரு முழம் இறக்கி உருவினேன். மேலே ஒரு விரல் அளவு பழுப்பு, அதற்குக் கீழே மை மாதிரிக் கறுப்பு, அழுகிய முட்டை நாற்றம். பலருக்கு இந்த நாற்றம் வந்ததும் சாக்கடை நினைப்பு வரும். இது சாக்கடை இல்லை. களியின் துளைகள் மிக நுண்ணியவை, ஆக்சிஜன் உள்ளே போகாது. அங்கே வாழும் பாக்டீரியா கடல்நீரின் சல்பேட்டை எடுத்து ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகிறது. அது இரும்போடு சேர்ந்து கறுப்பு நிறம் தருகிறது. ஆக்சிஜன் இல்லாததால் விழுந்த இலையும் வேரும் எளிதில் மக்குவதில்லை, கார்பன் மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. எனக்கு அந்த வாசம் பிடித்திருக்கிறது என்று சொன்னால் நம்ப வேண்டும்.

திரும்பும் வழியில் இருளர் குடும்பம் ஒன்று கழியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தது. எந்தச் சேற்றில் இறால் இருக்கும், எது வெறும் மணல் என்று அவர்களின் விரலுக்குத் தெரிகிறது.

ஞாயிறு, மீன்முள் கால்வாய்கள்

இந்தப் பயணத்தில் எனக்கு முக்கியமான நாள் இதுதான்.

சென்ற நூற்றாண்டில், 1970-கள் வரை, பிச்சாவரத்தில் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து மரம் எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் காடு தானாக வளர்ந்துவிடும் என்ற நம்பிக்கை. பல இடங்களில் வளரவில்லை. காரணம் மரத்தில் இல்லை, மண்ணில் இருந்தது. சதுப்புக் களியின் கன அளவில் பாதிக்கும் மேல் நீர்தான். நிழல் போனதும் வெயில் பட்டு நீர் ஆவியானது, களி சுருங்கியது, தரை கிண்ணமாகத் தாழ்ந்தது. ஏத்தத்தில் அதற்குள் வந்த நீர் வத்தத்தில் வெளியேற முடியாமல் நின்றது. நின்ற நீர் காய்ந்தது, உப்பு மிஞ்சியது. அடுத்த ஏத்தம் இன்னும் கொஞ்சம் உப்பு. கடைசியில் கடல்நீரைவிட உப்பான தரை, அதில் கண்டல் விதைகூட முளைக்காது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களும் சேர்ந்து செய்த காரியம் எளிமையானது. இயற்கைக் கழியிலிருந்து ஒரு முதன்மைக் கால்வாய், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளைக் கால்வாய்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் வடிவம். ஓதம் வந்துபோக வழி கிடைத்தது. உப்பு கழுவப்பட்டது, தரை ஈரமானது, நட்ட கண்டல் பிடித்தது. செயற்கைக்கோள் படங்களில் காடு திரும்ப விரிந்தது தெரிகிறது. பல ஊர்களில் மரக்கன்று எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமைப்படுவதைப் பார்க்கிறோம். இங்கே முதலில் நீரின் வழியைச் சரிசெய்தார்கள், பிறகுதான் நட்டார்கள். அதனால்தான் நின்றது என்பது என் உறுதியான எண்ணம்.

கால்வாய் ஒன்றின் ஓரமாக நடந்தேன். வாய் பக்கம் வண்டல் மேடு தட்டியிருந்தது. ஓதம் இதற்குள்ளும் தன் வேலையைச் செய்துகொண்டுதானே இருக்கும். அவ்வப்போது தூர் எடுத்தால்தான் நீர் கடைசிக் கிளைவரை போகும். வெட்டியதோடு வேலை முடிந்தது என்று விட்டால் கிண்ணம் மறுபடி கிண்ணம்தான்.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது கடலுக்கும் கழிக்கும் இடையே மணல்திட்டில் இருந்த குடியிருப்புகள் பெரும் அழிவைச் சந்தித்தன. எம்.ஜி.ஆர். திட்டு அவற்றில் ஒன்று. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் பாதிப்பு குறைவு. உயரம், தூரம் என்று மற்றக் காரணங்களும் உண்டு, எல்லாப் புகழும் காட்டுக்கே என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு இந்தக் காட்டை ஊர்க்காரர்கள் பார்க்கும் பார்வை மாறியது. 2022-ல் பிச்சாவரம், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

செவ்வாய், பழையாறு

நேற்று முழுவதும் ஓய்வும் துணி துவைப்பும். சேறு எளிதில் போகவில்லை, அதன் ஒட்டும் தன்மையைப் பற்றி இனி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம்.

இன்று கொள்ளிட முகத்துவாரத்துக்கு வந்திருக்கிறேன். கொள்ளிடம் வெள்ளாறு மாதிரி இல்லை. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும்போதே சரிவு கூடுதலானது, நேரானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரிப் பக்கம் மணல் மேடிட்டு, நீரெல்லாம் கொள்ளிடத்தில் இறங்கி, தஞ்சை வயல்கள் காயும் நிலை வந்தது. 1830-களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் அணைகளைக் கட்டியதன் பின்னணி இதுதான். டெல்டாவின் பாசன வரலாற்றையே மணல்தான் திருப்பிவிட்டிருக்கிறது. பிறகு மேலே 1934-ல் மேட்டூர் வந்தது. நீர்த்தேக்கத்தில் நீரோடு மணலும் வண்டலும் தங்கிவிடுகின்றன. வெள்ளமும் முன்போல் அடிக்கடி வருவதில்லை. ஆற்று மணலை அள்ளுவதும் சேர்ந்து, டெல்டாவின் கடல் விளிம்புக்கு வரும் மண் மெலிந்துவிட்டது.

டெல்டாவின் களி தன் எடையிலேயே நாளாக நாளாக இறுகித் தாழும். புது வண்டல் மேலே படிந்துகொண்டிருக்கும்வரை அது தெரியாது. வண்டல் நின்றால் தரை தாழ்வதும் கடல் ஏறுவதும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். கோடையில் கொள்ளிடத்தில் நன்னீர் நின்றதும் உப்புநீர் ஆற்றோடு ஏறிக் கரையோரக் கிராமங்களின் கிணற்று நீரைக் கரிப்பாக்குவதை இங்கே எல்லாரும் சொல்கிறார்கள். பிச்சாவரத்துக் களிக்கு இதில் ஒரு சாதகம் இருக்கிறது. ஆறு கொடுக்காவிட்டாலும் ஓதம் கடலோரத்துச் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்க்கும். ஆனால் அந்தக் கடலோரச் சேறும் என்றோ ஓர் ஆறு கொண்டுவந்ததுதான். எத்தனை காலம் தாங்கும் என்பது ஆற்றைப் பொறுத்தது.

பழையாறு மீன்பிடித் துறைமுகத்தில் மதியம் படகுகள் வரிசையாக நின்றன. முகத்துவாரத்தில் மணல் சேர்ந்தால் பெரிய படகு தரை தட்டும், அதனால் ஏத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும். வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர், "வெட்டி விடுவாங்க தம்பி, மறுபடி கொண்டல் அடிச்சா மூடிரும்" என்றார். மணல் நகர்வு நிற்காத கரையில் வெட்டுவது மட்டும் நிரந்தரத் தீர்வு ஆகாது. கல்சுவர் கட்டி வாயை நிலைநிறுத்தினால் ஒரு பக்கம் தேங்கும், மறுபக்கம் அரிக்கும், சென்னையில் நடந்ததேதான். என்ன செய்தாலும், உள்ளே நீர் பரவ இடம் விட்டு, மேலேயிருந்து வெள்ளம் வர வழியும் விட்டால், வாயைத் திறந்து வைக்கும் வேலையில் பாதியை ஓதமே செய்துவிடும். லட்சக்கணக்கில் செலவழிக்கும் முன் இந்தப் பாதியைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய மூன்று நான்கு நாட்களைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கரையில் அந்த நாட்களில் காலையில் ஏத்தம், பிற்பகலில் வத்தம். ஒவ்வொரு நாளும் 50 நிமிடம் தள்ளிப்போகும், கழிகளுக்குள் இன்னும் தாமதமாகும். பிச்சாவரத்தில் ஏத்தத்தில் ஒரு முறை, வத்தத்தில் ஒரு முறை என்று இரண்டு முறை படகு எடுங்கள். மூச்சுவேர் மேல் மிதிக்காதீர்கள், உடைந்தால் மரத்துக்கு மூச்சு முட்டும். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் ஆறு கொண்டுவந்த புது வண்டலைப் பார்க்கலாம். சித்திரை வைகாசியில் போனால் உப்பு ஆற்றுக்குள் எவ்வளவு தூரம் ஏறியிருக்கிறது என்று நாக்கில் வைத்தே தெரிந்துகொள்ளலாம். அடுத்த தடவை நான் அந்த மாதங்களில்தான் வருவதாக இருக்கிறேன், புவனகிரிப் பாலத்திலிருந்து கீழ்நோக்கி.